புதிதாகக் கூடும் சிறு ஆங்கிலிக்கன் சபையைத் திடப்படுத்துவது எப்படி? இங்கிலாந்தில் தமிழ்ச் சபை ஊழியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் நகரங்களில், காலை ஆராதனை முடிந்து ஆங்கிலச் சபையார் வீடு திரும்பிய பிறகு, அதே ஆலயத்தில் பிற்பகல் 3 மணிக்கோ 4 மணிக்கோ தமிழில் கூடும் சிறு சபைகள் இருக்கின்றன. சில ஞாயிறுகளில் 25 பேர் வருவார்கள்; மழையும் குளிரும் சேர்ந்துகொண்டால் 12 பேர். வருகிறவர்களில் பெரும்பாலோர், ஊரில் ஆலயம் நிறைந்து வாசலிலும் பாய் விரித்து உட்கார்ந்த சபைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் மனம் தளர்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. காலியான இருக்கைகளே போதும்.

இப்படிப்பட்ட சபையின் பொறுப்பை ஏற்கும் குருவானவருக்கும், உரிமம் பெற்ற வாசகருக்கும் (குருப்பட்டம் பெறாமல் ஆராதனை நடத்த அனுமதி பெற்றவர்), சபையார் தேர்ந்துகொண்ட பொறுப்பாளருக்கும் முதல் 2 ஆண்டுகளில் உதவும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கருத்துத்தான் இருக்கிறது. சிறு சபையை ஆறுதல் வார்த்தைகளால் மட்டும் தூக்கி நிறுத்த முடியாது. ஒரு முழுச் சபை செய்யவேண்டிய ஜெபம், திருவிருந்து, போதனை, விசாரிப்பு, அடக்கம் ஆகிய அனைத்தையும் தன் அளவுக்கேற்ப இடைவிடாமல் செய்யும்போதுதான் தான் முழுமையான சபை என்பதை அது நம்பத் தொடங்கும். ஊழியரின் முதல் வேலை அந்த ஒழுங்கைக் காப்பது. உற்சாகப்படுத்தும் பேச்சு அதற்குத் துணையாக வரவேண்டும்.

முதல் படி: சபையின் நிலையைத் தெளிவாக்குதல்

"நாம் உண்மையில் ஒரு சபையா, அல்லது இடம் கேட்டுக் கூடுகிற ஜெபக்குழுவா?" என்ற ஐயம் வெளியே பேசப்படாமல் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே பிரசங்கம் ஆயத்தம் செய்வதற்கு முன்பே நிர்வாக நிலையைச் சரிசெய்துகொள்வது நல்லது. ஆங்கிலிக்கன் ஒழுங்கில் ஒரு சபை தானாக முளைத்துத் தானாக நிற்பதில்லை. அது பேராயரின் மேற்பார்வைக்குள் நிற்கிறது. இடம் கொடுக்கும் பங்கின் (ஊரில் நாம் சேகரம் என்பது) குருவானவருடைய ஒப்புதலோடு அந்தப் பங்கின் ஒரு பகுதியாகவே கூடலாம். பங்கின் எல்லைகளைத் தாண்டி மக்கள் வரும்போது, பேராயரின் பணி ஆணை என்ற ஏற்பாட்டைக் கேட்கலாம்; 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி திறந்தது. இரண்டில் எது பொருந்தும் என்பதை, பேராயருக்குத் துணையாக நிர்வாகம் பார்க்கும் ஆர்ச்டீக்கனோடு பேசி, முடிவை எழுத்தில் பெற்று, ஒரு ஞாயிறு ஆராதனையில் சபையாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்த ஒரு தாள், பல பிரசங்கங்கள் தராத நிம்மதியைத் தரும்.

இதோடு சேர்ந்த இன்னொரு காரியம் உண்டு. ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் குருவானவரை, "ஐயர் வந்திருக்கிறார், இந்த வாரம் திருவிருந்து நடத்தட்டும்" என்று அன்போடு அழைத்துவிடுவது நம் மக்களின் வழக்கம். வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர்கள் இங்கே ஊழியம் செய்வதற்கு, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேன்டர்பரி அல்லது யார்க் தலைமைப் பேராயர்களுள் உரியவரின் அனுமதி வேண்டும். முன்கூட்டியே விண்ணப்பித்தால் சங்கடமில்லை. பேனர் அடித்த பிறகு இல்லை என்று சொல்ல நேர்ந்தால், வந்தவருக்கும் அவமானம், சபைக்கும் தளர்ச்சி. அனுமதி கிடைக்காத நேரத்தில் அவரைச் சாட்சி சொல்லவும் வாழ்த்துரை வழங்கவும் அழைக்கலாமா என்பதை இடம் கொடுத்த குருவானவரிடமே கேட்டுவிடுங்கள்.

சபையார் ஒவ்வொருவரையும் பங்கின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். ஞானஸ்நானம் பெற்ற, 16 வயது நிரம்பிய உறுப்பினர் அதில் சேரலாம்; சேர்ந்தவர் மே 31க்குள் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிக்கலாம், பங்குச் சபைக் குழுவுக்கும் நிற்கலாம். விருந்தாளியாக நினைத்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்காரராக மாறுவது இங்கேதான்.

இரண்டாம் படி: பெயர்ப் பதிவேடு

திருநெல்வேலிச் சபையின் வரலாறு ஒரு பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது. 1778இல் குளோரிந்தா என்ற பெண்மணி பாளையங்கோட்டையில் ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பட்டியலில் இருந்த பெயர்கள் 40. சுவார்ட்ஸ் அங்கே தங்கியிருக்கவில்லை. அங்கே ஊழியம் செய்த சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது 1790இல். அதுவரை அந்தச் சபையைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் உபதேசிமாரும் விசுவாசிகளுமே. அக்காலத்தில் லுத்தரன் மிஷனரிகளின் கையில் இருந்த அந்தச் சபை பின்னர் ஆங்கிலிக்கன் ஒழுங்குக்குள் வந்தது. இன்று பல்லாயிரம் பேர் அடங்கிய அந்தத் திருமண்டலத்திலிருந்து வந்தவர்களே, இங்கே 20 பேராகக் கூடும்போது சோர்ந்துபோகிறார்கள். இந்த வரலாற்றை அவர்களுக்கு ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள். "நாமும் அப்படி வளர்வோம்" என்று முடிக்கவேண்டாம். குருவானவர் இல்லாத ஆண்டுகளிலும் அந்த 40 பேரும் சபையாகவே இருந்தார்கள் என்பதைச் சொன்னால் போதும்.

அதுபோன்ற ஒரு பதிவேட்டை நீங்களும் தொடங்குங்கள். பெயர், வீட்டு முகவரி, ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்ற இடம், ஊர்ச் சபை ஆகியவை எல்லாரும் எழுதுபவை. அவற்றோடு வேலை முறை நேரம், பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள், ஊரில் யார் நோய்ப்பட்டிருக்கிறார், பெற்றோர் மறைந்த நாள் எது என்பவற்றையும் குறித்து வைப்பது விசாரிப்பை எளிதாக்கும். இந்நாட்டின் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து, விவரங்களை எழுதுவதற்கு முன் அவரவர் ஒப்புதலைக் கேட்டுவிடுங்கள். புத்தகம் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். குடியேற்ற வழக்கு நிலுவையில் இருப்பவரின் நிலையை அதில் எழுதவே வேண்டாம். அதை உங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

25 பெயர்கள் என்றால் நாளொன்றுக்கு 4 பேர் வீதம் வாரம் முடிவதற்குள் எல்லாரையும் பெயர் சொல்லி ஜெபித்துவிடலாம். பெரிய சபையின் குருவானவருக்குக் கிடைக்காத வசதி இது.

மூன்றாம் படி: ஆராதனை நிற்காமல் நடப்பது

சிறு எண்ணிக்கையைக் கண்டு ஆங்கிலிக்கன் ஜெப ஒழுங்கு ஒருநாளும் திகைத்ததில்லை. 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் முடிகிற இடத்தில், கிறிசோஸ்தோம் பெயரில் வழங்கும் ஜெபம் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் கூடினாலும் கேட்கப்படும் என்ற வாக்குறுதியை அது நினைவூட்டுகிறது. திருவிருந்து ஒழுங்கின் பின்குறிப்பு இன்னும் வெளிப்படையானது. பங்கில் திருவிருந்தில் பங்குபெறத் தகுந்தவர்கள் 20 பேருக்கு மேல் இல்லாவிட்டாலும், குருவானவரோடு 4 பேர், குறைந்தது 3 பேர், பங்குபெற்றால்தான் திருவிருந்து நடத்தலாம் என்கிறது அது. இந்தக் குறிப்பு தனிப்பூசையைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது. ஆனால் 3 பேர் போதும் என்று சபையின் சட்டமே சொல்லியிருப்பதைச் சிறு சபையார் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்துச் சபையின் அடிப்படைப் போதனைகளான 39 விசுவாசப் பிரமாணங்களில் 19ஆவது, காணக்கூடிய சபையை விளக்கும்போது, தேவ வசனம் தூய்மையாகப் பிரசங்கிக்கப்படுவதையும் திருவருட்சாதனங்கள் முறைப்படி வழங்கப்படுவதையும் சொல்கிறது. தலைக்கணக்கைப் பற்றி அது பேசவில்லை.

இவற்றிலிருந்து பின்வரும் நடைமுறைகள் பிறக்கின்றன. "ஆள் வரவில்லை" என்று ஒரு ஆராதனையையும் ரத்து செய்யாதீர்கள். ஒருமுறை ரத்து செய்துவிட்டால், அடுத்த முறை புறப்படும்போது "இன்றைக்கு இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டேதான் புறப்படுவார்கள், பேருந்தில் 2 இடம் மாறி, குழந்தையோடு வருகிறவருக்கு அந்தக் கேள்வியே வீட்டில் இருந்துவிடுவதற்குக் காரணமாகிவிடும். குறித்த நேரத்துக்குத் தொடங்குங்கள். நம் மக்கள் பிந்தி வருவார்கள் என்று 20 நிமிடம் காத்திருப்பது, நேரத்துக்கு வந்தவரைத் தண்டிப்பதாகும்.

குருவானவர் வரமுடியாத ஞாயிறுகளில் வாசகரோ பொறுப்பாளரோ காலை அல்லது மாலை ஜெப ஒழுங்கை நடத்தட்டும். இங்கிலாந்துச் சபையில் வாசகர் பணி 1866இல் புதுப்பிக்கப்பட்டது; நம் நாட்டில் உபதேசியார்கள் சுமந்த பணியும் ஏறக்குறைய இதுவே. திருவிருந்தைப் பொறுத்தவரை குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே நடத்தலாம் என்ற விதியை எந்தத் தட்டுப்பாட்டிலும் தளர்த்தவேண்டாம். மாதம் ஒருமுறைதான் குருவானவர் கிடைப்பார் என்றால், அந்த ஞாயிற்றை மாற்றாமல் நிலையாக வையுங்கள். வேலை முறையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கு அப்போதுதான் முடியும்.

300 பேருக்குக் கட்டப்பட்ட விக்டோரியா காலத்து ஆலயத்தில் 15 பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால் பாட்டும் எழும்பாது, முகமும் தெரியாது. பாடகர் இருக்கைகளிலோ பக்கச் சிற்றாலயத்திலோ எல்லாரையும் நெருக்கமாக உட்கார வையுங்கள். குளிர்காலத்தில் சூடேற்றும் செலவும் குறையும். ஒலிபெருக்கி வேண்டாம், 15 பேரிடம் மைக்கில் பேசினால், வராத 285 பேரிடம் பேசுவதுபோலத் தோன்றும். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கான ஒலி இணைப்பை மட்டும் அணைக்காமல் விடுங்கள். பாமாலையில் நால்வகைக் குரல் தேவைப்படும் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, துணைக்கருவி இல்லாமலே நிற்கக்கூடிய கீர்த்தனைகளை முதல் ஆண்டில் தெரிந்தெடுக்கலாம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறை சிறு கூட்டத்துக்கு மிகவும் பொருந்தும்.

நான்காம் படி: பல ஊர் வழக்கங்களை ஒரே கூரையின்கீழ் வைத்தல்

சிறு தமிழ்ச் சபைகள் உடைவதற்கு எண்ணிக்கைக் குறைவைவிட இதுவே அதிகக் காரணமாக இருக்கும் என்பது என் மதிப்பீடு. ஒரே அறையில் நாசரேத்துக்காரரும் நாகர்கோவில்காரரும் சுண்டுக்குளிக்காரரும் இருக்கிறார்கள். நாசரேத்தும் முதலூரும் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் மரபில் வந்தவை, பீடம், மெழுகுவர்த்தி, அங்கி, முழங்காற்படியிடுதல் ஆகியவை அவர்களுக்கு இயல்பானவை. பாளையங்கோட்டையைச் சூழ்ந்த பல சபைகள் சி.எம்.எஸ். என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் மரபில் வந்தவை, அங்கே பிரசங்கமே நடுநாயகம். நாகர்கோவில் பகுதி லண்டன் மிஷன் மரபில் வந்தது; 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாகும் வரை அங்கே பேராயர் என்ற பதவியே கிடையாது. யாழ்ப்பாணத்தாரிலும் இலங்கைத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கர் ஒரு பக்கம், அமெரிக்க மிஷன் வழியில் வந்து தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாக இருப்பவர் மறுபக்கம், மெதடிஸ்தர் இன்னொரு பக்கம். "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்ற வாக்கியம் வாரந்தோறும் கேட்கும்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் கலவையாக ஒரு ஒழுங்கை உருவாக்கிவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யவேண்டாம், அப்படி உருவாகும் ஒழுங்கு எவருக்கும் சொந்தமாக இராது. பேராயர் அலுவலகத்திடம் கேட்டு, அனுமதிக்கப்பட்ட ஒரே ஒழுங்கை, தெளிவான தமிழ்ப்பெயர்ப்போடு, குறைந்தது ஓராண்டுக்கு மாற்றாமல் பயன்படுத்துங்கள். மக்கள் தாளைப் பார்க்காமல் மறுமொழி சொல்லத் தொடங்கும் ஞாயிறு ஒன்று வரும். அன்றைக்குத்தான் அது அவர்களுடைய ஒழுங்காகிறது. 34ஆவது விசுவாசப் பிரமாணம், மரபுகளும் சடங்குகளும் எல்லா இடத்திலும் ஒன்றாயிருக்க அவசியமில்லை என்கிறது. அதே பிரமாணம், பொதுவாக ஏற்படுத்தப்பட்ட ஒழுங்கைத் தன்னிச்சையாக மீறுகிறவரைக் கண்டிக்கவும் செய்கிறது. இரண்டு பாதியையும் சேர்த்தே கற்பியுங்கள்.

தலைமேல் முந்தானை போடுவது, செருப்பைக் கழற்றுவது, முழங்காலில் நிற்பதா உட்காருவதா என்பவற்றை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுங்கள். யாரும் யாரையும் திருத்தக்கூடாது என்பதை மட்டும் ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள். திருவிருந்தில் யார் பங்குபெறலாம் என்பதில் குழப்பம் வேண்டாம். திரியேக தேவனை அறிக்கையிடும் சபைகளில் ஞானஸ்நானம் பெற்று, அங்கே நன்னிலையில் திருவிருந்து பெறும் உறுப்பினரை இங்கிலாந்துச் சபையின் பி 15ஏ விதி வரவேற்கிறது. ஆகவே மெதடிஸ்தரும் யாழ்ப்பாண ஆதீனத்தாரும் தயங்கவேண்டியதில்லை. இதை அறிவிப்பாகச் சொல்வதோடு நிற்காமல், தயங்கி இருக்கையிலேயே இருந்துவிடும் ஒருவரைக் கண்டால், வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

சாதியைப் பற்றியும் ஒரு வரி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஊர்ப்பெயரைக் கேட்டு, ஆலயப்பெயரைக் கேட்டு, அதன் வழியாக வேறொன்றைத் தெரிந்துகொள்ள முயலும் உரையாடல் தேநீர் நேரத்தில் நடக்கும். அதை அந்த இடத்திலேயே, சிரிப்போடு மழுப்பாமல், தடுக்கவேண்டிய பொறுப்பு ஊழியருடையது. ஒரு குடும்பம் காரணம் சொல்லாமல் வருவதை நிறுத்திவிட்டால், முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஆளுக்கேற்ற விசாரிப்பு

புதிய சபையை ஊக்குவிப்பதற்கு வேதத்தில் நேரடியான முன்மாதிரி ஒன்று வேண்டுமானால், தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தின்படி, பவுல் அந்த நகரத்தின் ஜெப ஆலயத்தில் சம்பாஷித்தது 3 ஓய்வுநாட்கள். பிறகு இரவோடிரவாக வெளியேற வேண்டியதாயிற்று. பின்னால் விட்டுவந்த சிறு கூட்டத்தைப் பற்றிய கவலை தாங்காமல் ஆத்தேனேயிலிருந்து தீமோத்தேயுவை அனுப்பினார். நிருபத்தின் 5ஆம் அதிகாரம் 14ஆம் வசனம் விசாரிப்புக்கு ஒரு முழு முறையையே தருகிறது: ஒழுங்கற்றவர்களுக்குப் புத்தி, திடனற்றவர்களுக்குத் தேறுதல், பலவீனருக்குத் தாங்குதல், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தம். எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுக்கக்கூடாது என்பது இதன் பொருள். தளர்ந்தவரைக் கண்டிப்பதும், ஒழுங்கற்றவரைத் தட்டிக்கொடுப்பதும் ஊழியர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

உங்கள் பதிவேட்டை எடுத்து இந்த வரிசைப்படி நிதானமாக எண்ணிப்பாருங்கள். இரவு வேலை முடித்துவிட்டு ஞாயிறு காலை 8 மணிக்கு வீடு வந்து, 4 மணி நேரம் தூங்கிவிட்டு ஆலயத்துக்கு வரும் செவிலியர் ஆராதனையில் கண் அசந்தால் அவர் ஒழுங்கற்றவர் அல்லர், பலவீனர். அவரைத் தாங்குவது என்றால், வாசிப்புப் பட்டியலில் அவருடைய பெயரை இரவு வேலை இல்லாத வாரத்தில் போடுவதும், பிள்ளைகளை அழைத்துவர இன்னொரு காரை ஏற்பாடு செய்வதுமாகும். அகதி விண்ணப்பத்தின் தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர் திடனற்றவர். அவருக்கு உபதேசம் வேண்டாம். விசாரணை நாளில் கூடப்போய் வெளியே உட்கார்ந்திருக்க ஒருவர் வேண்டும். பிள்ளைகளோடு 6 மாத விசாவில் வந்து, பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் பேசுவதற்கு ஆளின்றி இருக்கும் முதியவர்களைச் சபை பெரும்பாலும் பார்வையாளராகவே கருதிவிடுகிறது. பல ஆண்டுகள் ஜெபித்துப் பழகிய அந்தத் தாத்தா பாட்டிகளிடம் வாரநாள் ஜெபத்தை ஒப்படையுங்கள். ஊரில் சேகரக் கமிட்டியில் இருந்து, இங்கே தனக்கு உரிய இடம் இல்லை என்று எல்லாவற்றிலும் குறை காண்பவர்தான் பெரும்பாலும் புத்தி சொல்லப்படவேண்டியவர். அதைத் தனியாக, அவர் வீட்டில், மரியாதை குறையாமல் சொல்ல வேண்டும். அதே சந்திப்பில் அவருக்கு ஒரு உண்மையான பொறுப்பையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுச் சந்திப்பு இந்நாட்டில் முன்னறிவிப்போடு நடக்க வேண்டும். திடீரென்று கதவைத் தட்டினால் வரவேற்பதைவிட வீட்டை ஒதுக்குவதிலேயே அவர்கள் கவனம் போய்விடும். செய்தி அனுப்பி நேரம் கேளுங்கள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள், சங்கீதம் ஒன்றை வாசித்து அந்த வீட்டாரின் பெயர்களைச் சொல்லி ஜெபித்துவிட்டு எழுந்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று நிர்ப்பந்திப்பார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் மறுத்தால் அது செய்தியாகிவிடும் என்பதால், எல்லா வீட்டிலும் தேநீர் மட்டும் என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வது உத்தமம். தனியாக இருக்கும் பெண்ணையோ இளையவரையோ சந்திக்கும்போது இன்னொருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஆறாம் படி: பேசும் முறை

வந்திருப்பவர்களிடம், வராதவர்களைப் பற்றிக் குறைசொல்லிப் பிரசங்கிக்காதீர்கள். இது மிகப் பரவலான பழக்கம், பயனும் இல்லை. எத்தனை பேராக வளர்வோம் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். நீங்கள் எண்ணிக்கையைச் சொன்ன நாளிலிருந்து சபையார் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். பவுல் தன் நிருபத்தை நன்றியில் தொடங்குகிறார். அந்த நன்றி பொதுவாக இல்லாமல், அவர்கள் செய்த காரியங்களைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. "நீங்கள் நல்ல சபை" என்பதைவிட, "சென்ற மாதம் மருத்துவமனையில் இருந்தவருக்கு 9 நாளும் யாராவது ஒருவர் சோறு கொண்டுபோனீர்கள்" என்பது மக்களைத் திடப்படுத்தும்.

ஏழாம் படி: பிள்ளைகளும் மொழியும்

பொது ஆராதனை மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்று 24ஆவது விசுவாசப் பிரமாணம் சொல்வது, தமிழ் ஆராதனைக்கு நாம் வழக்கமாகக் காட்டும் ஆதாரம். அதே பிரமாணம், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பக்கமும் பேசுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். வேதவாசிப்புகளில் ஒன்றை ஆங்கிலத்தில் வாசிக்கச் செய்வதும், பிரசங்கத்தின் சாரத்தை 3 நிமிடம் ஆங்கிலத்தில் சொல்வதும், கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்லவிடுவதும் எளிய ஏற்பாடுகள். பிள்ளைகள் தமிழ் எழுத்துத் தெரியாமல் பாடத் தடுமாறினால், பாட்டின் வரிகளை ஆங்கில எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்பதில் தமிழுக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது.

4 பிள்ளைகள் இருந்தாலும் ஞாயிறு பள்ளியை நடத்துங்கள். கற்பிப்பவர்கள் டி.பி.எஸ். எனப்படும் குற்றப்பின்னணிச் சரிபார்ப்பை முடித்திருக்க வேண்டும். பங்கின் பாதுகாப்புப் பொறுப்பாளர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "நம் பிள்ளைகள்தானே, நமக்குள் எதற்கு?" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கவேண்டாம்.

எட்டாம் படி: பணம்

சுருக்கமாக முடித்துவிடலாம். காணிக்கையை உறவினர் அல்லாத 2 பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். கணக்கு இடம் கொடுத்த பங்கின் கணக்கோடு சேரவேண்டும், எவருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்கிலும் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது. வருமானவரி செலுத்துகிறவர்கள் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திட்டால், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகக் கிடைக்கும். முதல் ஆண்டிலேயே காணிக்கையில் ஒரு பங்கை வெளியே கொடுங்கள். திருநெல்வேலியார் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது அவர்களும் வசதிபடைத்தவர்களாக இருந்து தொடங்கவில்லை. வாங்குகிற சபை என்ற எண்ணம் நீங்க இதைவிட நேரான வழி இல்லை.

ஒன்பதாம் படி: ஆண்டின் நாட்களும் முதல் மரணமும்

பண்டிகைகளை இந்நாட்டின் நிலைமைக்கேற்பத் திட்டமிடுங்கள். கிறிஸ்துமஸ் அன்று இங்கே ரயில்கள் ஓடுவதில்லை, பேருந்துகளும் அரிது. ஊரில் அதிகாலையில் நடந்த ஆராதனையை அப்படியே நடத்த நினைத்தால் கார் உள்ள குடும்பங்கள் மட்டுமே வரும். 24ஆம் தேதி மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது காரில் யாரை யார் அழைத்துவருவது என்று முன்பே எழுதிப் பகிருங்கள். புனித வெள்ளி பொது விடுமுறை என்பதால், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேரிடம் பிரித்துக் கொடுக்கலாம். சிறு சபையில் பிரசங்கிக்கப் பழகுவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. சபையார் கூடி உண்ணும் அசனத்தை ஆண்டில் ஒருமுறையாவது நடத்துங்கள், ஆங்கிலச் சபையாரையும் அழைத்தே நடத்துங்கள். சமைத்த பிறகு கூடத்தின் சன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பைத் துடைத்து, குப்பையை அன்றே வெளியேற்றுங்கள். இரு சபைகளுக்கிடையே வரும் மனத்தாங்கலில் பெரும்பகுதி இறையியலால் வருவதில்லை. திங்கட்கிழமை காலை கூடத்தில் நிற்கும் மசாலா வாடையால் வருகிறது.

சபையின் முதல் மரணம் எல்லாவற்றையும் சோதிக்கும். ஊரில் இறந்த மறுநாளே அடக்கம் முடிந்துவிடும். இங்கே பதிவும் மருத்துவச் சான்றும் கல்லறை இடமும் ஒத்துவர 2, 3 வாரங்கள் ஆவது வழக்கம். அந்த நீண்ட நாட்களில் குடும்பம் தனியே தவிக்கும். ஒவ்வொரு மாலையும் அந்த வீட்டில் அரைமணி நேர ஜெபம் என்று அன்றிரவே அறிவித்து, நாளுக்கு ஒருவர் பொறுப்பேற்கச் செய்யுங்கள். சாப்பாட்டையும் அதே பட்டியலில் சேர்த்துவிடலாம். பங்கு எல்லைக்குள் வசிப்பவருக்குப் பங்கு ஆலயத்தில் அடக்க ஆராதனை பெறும் உரிமை உண்டு என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். கல்லறைச் செலவு மிக அதிகம். தகனத்தைப் பற்றி நம் மக்களுக்கு இருக்கும் தயக்கத்தை மரணம் நிகழ்வதற்கு முன்பே, ஒரு வேதபாட வகுப்பில், அமைதியாகப் பேசிவைப்பது நல்லது.

இதைவிடக் கடினமானது, ஊரில் தாயோ தகப்பனோ இறந்து, விசா நிலுவையால் போகமுடியாமல் நிற்பவரின் துக்கம். அடக்கம் நடக்கும் அதே நேரத்தில், இங்கே அதிகாலை 5 மணியானாலும், ஆலயத்தைத் திறந்து அவரோடு 3 பேராவது சேர்ந்து அடக்க ஒழுங்கின் சங்கீதங்களையும் ஜெபங்களையும் வாசியுங்கள். கைப்பேசியில் ஊர் அடக்கத்தைப் பார்த்துக்கொண்டு தனியறையில் அழுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை, அந்த நிலையைக் கடந்தவர்கள் நன்றாக அறிவார்கள். தெசலோனிக்கேயர் நிருபத்தின் 4ஆம் அதிகாரம், மரித்தோரைக் குறித்துத் துக்கித்துக்கொண்டிருந்த இளம் சபைக்கே எழுதப்பட்டது. அதை அப்போது வாசியுங்கள்.

பத்தாம் படி: ஊழியரும் அவருக்குப் பின்னும்

சிறு சபையின் ஊழியர் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறார். தினமும் காலை மாலை ஜெபத்தைச் சொல்வதும், அதற்கு மணி அடிப்பதும் குருவானவரின் கடமை என்று 1662 புத்தகத்தின் முன்னுரை சொல்கிறது. மணி அடிக்க முடியாவிட்டாலும், வேலைக்குப் போகும் ரயிலிலாவது அந்த ஜெபத்தை விடாமல் சொல்லுங்கள். சோர்வு வரும்போது சொந்தச் சொற்கள் கிடைப்பதில்லை. எழுதிவைத்த ஜெபம் அப்போதுதான் கைகொடுக்கும். 3 மாதத்துக்கு ஒருமுறை சபைக்கு வெளியே உள்ள ஒரு குருவானவரிடம் மனம்விட்டுப் பேசும் ஏற்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். அவர் தமிழராக இல்லாதிருப்பது நல்லது. ஆண்டில் 4 ஞாயிறுகளாவது விடுப்பு எடுங்கள், அந்த ஞாயிறுகளில் ஊரைவிட்டே போய்விடுங்கள், இல்லாவிட்டால் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்காணித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆண்டுதோறும் பேராயருக்கோ ஆர்ச்டீக்கனுக்கோ 2 பக்க அறிக்கை அனுப்புங்கள். வருகை எண்ணிக்கையை மறைக்கவேண்டாம். அதோடு எத்தனை பேர் வாசிக்கக் கற்றார்கள், எத்தனை வீடுகள் சந்திக்கப்பட்டன, யார் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகிறார்கள் என்பவற்றையும் எழுதுங்கள். அனுப்பும் முன் சபையாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே, உங்களுக்குப் பின் வருகிறவருக்காக ஒரு குறிப்பேட்டைத் தொடங்கிவிடுங்கள். திறவுகோல் யார் யாரிடம் இருக்கிறது, சூடேற்றும் கருவியை எத்தனை மணிக்கு இயக்க வேண்டும், திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவுகிறவர் யார், அடியெடுத்துப் பாடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், எந்த வீட்டில் எந்த மாதம் நினைவுநாள் வருகிறது என்பவை அதில் இருக்கட்டும். உங்களைத் தவிர வேறு எவருக்கும் தெரியாத வேலை ஏதேனும் அந்தப் பட்டியலில் இருந்தால், அடுத்த மாதத்துக்குள் அதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.